மாரடைப்புக்குப் பின் ஏறிய சர்க்கரை: பீட்டா தடுப்பானும் இரத்தக் குழாயின் இன்சுலின் உணர்வும் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கு விவரிக்கப்படும் நோயாளி ஒரு குறிப்பிட்ட மனிதர் அல்லர். இதய மருந்துகளும் நீரிழிவும் சந்திக்கும் இடத்தில் அடிக்கடி தென்படும் கூறுகளை ஒன்றுசேர்த்து, விவாதத்துக்காக அமைக்கப்பட்ட மாதிரி நோயாளி அவர். ஆகவே அவருடைய எண்கள் எதையும் நிரூபிக்கமாட்டா. அவற்றை எடைபோடுவதற்காகக் குறிப்பிடப்படும் ஆய்வுகள் மட்டுமே வெளியான, உண்மையான ஆய்வுகள். இந்த நிகழ்வு எழுப்பும் கேள்வி இதுதான்: இதயத்தைக் காப்பதற்காகக் கொடுக்கப்படும் ஒரு மருந்து, இரத்தக் குழாய்கள் இன்சுலினுக்குக் காட்டும் எதிர்வினையை மாற்றி, அதன் வழியாகச் சர்க்கரையை உயர்த்த முடியுமா? முடியும் என்றால், கண்முன் இருக்கும் நோயாளியின் உயர்வில் எவ்வளவு பங்கை அந்த மருந்தின் கணக்கில் எழுதலாம்?

நோயாளி

61 வயது ஆண். ஒன்பது ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு. நாளொன்றுக்கு 2 கிராம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையில் எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்த அளவு) 7.0 விழுக்காடு என்ற அளவில் நின்றிருந்தது. அதன்பின் இதயத்தின் முன்சுவரைத் தாக்கிய மாரடைப்பு ஏற்பட்டு, உடனடியாக ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. எக்கோ பரிசோதனையில் இடது கீழறையின் வெளியேற்ற விகிதம் (ஒரு துடிப்பில் அது வெளித்தள்ளும் இரத்தத்தின் பங்கு) 38 விழுக்காடு. வீடு திரும்பும்போது இரத்தம் உறைவதைத் தடுக்க ஆஸ்பிரினும் டைகாக்ரலாரும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகையில் ரோசுவாஸ்டாட்டின் 20 மி.கி., இரத்த அழுத்த மருந்தான ராமிப்ரில் 5 மி.கி., இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பானான மெட்டோப்ரோலால் சக்சினேட் ஆகியவை கொடுக்கப்பட்டன. மெட்டோப்ரோலாலின் அளவு படிப்படியாக உயர்த்தப்பட்டு 200 மி.கி.யை எட்டியது. இரத்த அழுத்தம் முழுமையாகக் கட்டுக்குள் வராததால் இரண்டாம் மாதத்தில் தயசைடு வகைச் சிறுநீர்ப்பெருக்கியான ஹைட்ரோகுளோரோதயசைடு 25 மி.கி. சேர்க்கப்பட்டது.

ஆறு மாதம் கழித்து வந்தபோது அவர் முதலில் சொன்ன குறை சர்க்கரையைப் பற்றியதன்று. விரல்கள் எப்போதும் சில்லிட்டிருப்பதாகவும், சற்று வேகமாக நடந்தால் கெண்டைக்கால் கனப்பதாகவும் சொன்னார். எடை 4 கிலோ கூடியிருந்தது. எச்பிஏ1சி 7.9 விழுக்காடு. வெறும் வயிற்றுச் சர்க்கரை 118-இலிருந்து 128 மி.கி.க்கு மட்டுமே ஏறியிருக்க, உணவுக்குப் பின் இரண்டு மணி நேரத்தில் எடுத்த அளவு 172-இலிருந்து 236-க்கு ஏறியிருந்தது. பொட்டாசியம் இயல்பைவிடச் சற்றுக் குறைந்து 3.4, ஹீமோகுளோபினும் சிறுநீரகச் செயல்பாடும் இயல்பு. இரத்தசோகை இல்லாததால் எச்பிஏ1சி அளவை நம்பலாம். கணுக்கால்–புயத்தமனி அழுத்த விகிதம் இரு கால்களிலும் 1.0-ஐ ஒட்டி இருந்தது. பாதநாடி நன்றாகத் தட்டுப்பட்டது. நீரிழிவில் தமனிச் சுவர் சுண்ணாம்பேறி இந்த விகிதத்தைப் பொய்யாக உயர்த்திக் காட்டுவது உண்டு என்பதால் கால்விரல் அழுத்தமும் அளக்கப்பட்டது. அதுவும் இயல்பாகவே இருந்தது. பெருந்தமனிகளில் அடைப்பு இருப்பதற்கான அறிகுறி கிடைக்கவில்லை.

இந்தக் கட்டத்தில் வழக்கமாக நடப்பது என்ன என்பதை ஊகிப்பது கடினமன்று. எச்பிஏ1சி உயர்ந்திருக்கிறது; ஆகவே இன்னொரு சர்க்கரை மாத்திரை, பெரும்பாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் ஒரு சல்ஃபோனில்யூரியா. மருந்துப் பட்டியலின் மறுபக்கத்தில் என்ன மாறியது என்று பார்ப்பதற்கு முன்பே அந்தச் சீட்டு எழுதப்பட்டுவிடுகிறது. என் கருத்தில் இந்த நிகழ்வின் முதல் பாடம் அங்கேதான் இருக்கிறது. வெறும் வயிற்று அளவு ஏறத்தாழ அசையாமல், உணவுக்குப் பிந்தைய அளவு மட்டும் துள்ளியிருப்பது, கல்லீரல் சர்க்கரையைக் கூடுதலாக வெளிவிடுவதைவிடத் தசை சர்க்கரையை எடுத்துக்கொள்ளாமல் இருப்பதையே முதலில் நினைக்கவைக்க வேண்டும்.

இன்சுலின் குழாயில் செய்யும் வேலை

இன்சுலினை நாம் பொதுவாகத் தசைச் செல்லின் வாசலில் நின்று குளுக்கோஸை உள்ளே விடும் ஹார்மோனாகவே கற்றிருக்கிறோம். அந்த வாசலை அடைவதற்கு முன்பே அது இன்னொரு வேலையைச் செய்கிறது. இரத்தக் குழாயின் உட்படலமான எண்டோதீலியத்தில் இன்சுலினுக்கான ஏற்பிகள் இருக்கின்றன. இன்சுலின் அவற்றில் இணைந்ததும் பிஐ3-கைனேஸ், ஏகேடி என்ற நொதிகளின் வழியாகச் சமிக்ஞை கடந்து, நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் நொதி தூண்டப்படுகிறது. நைட்ரிக் ஆக்சைடு குழாய்ச்சுவரின் மென்தசையைத் தளர்த்துகிறது. முதலில் நுண்தமனிகள் தளர்ந்து, ஓய்வில் போதிய ஓட்டமின்றிக் கிடந்த தந்துகிகளில் இரத்தம் பாய்கிறது. சில நிமிடங்களில் தொடங்கும் இந்த மாற்றத்துக்குப் பின்னரே அந்த உறுப்புக்குச் செல்லும் மொத்த ஓட்டம் கூடுகிறது. தந்துகிகள் கூடுதலாகத் திறந்தால் குளுக்கோஸும் இன்சுலினும் தசையைத் தொடும் பரப்பு விரிகிறது. இன்சுலினின் தூண்டுதலால் உடல் எடுத்துக்கொள்ளும் குளுக்கோஸில் பெரும்பகுதி எலும்புத் தசைக்கே செல்வதால், அந்தப் பரப்பு சிறு விஷயமன்று.

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் அலைன் பேரனின் குழு 1994-இல் வெளியிட்ட ஆய்வு, காலின் இரத்த ஓட்டத்தை இன்சுலின் கூட்டுவது நைட்ரிக் ஆக்சைடைச் சார்ந்தது என்று காட்டியது. நைட்ரிக் ஆக்சைடு உருவாவதைத் தடுத்தபோது அந்தக் கூடுதல் ஓட்டம் மறைந்தது.

இதே ஹார்மோனுக்கு எதிர்த்திசையிலும் ஒரு பாதை உண்டு. மாப்-கைனேஸ் என்ற நொதி வழியாக அது எண்டோதீலின்-1 என்னும் சுருக்கிப் பொருளையும் வெளிவரச் செய்கிறது. நலமான உடலில் தளர்த்தும் பாதை மேலோங்குகிறது. இன்சுலின் எதிர்ப்பு நிலையில் தளர்த்தும் பாதை வலுவிழந்துபோக, சுருக்கும் பாதை ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. இன்சுலின் அளவு உயர்ந்திருப்பதால் அந்தப் பாதைக்குக் கூடுதல் தூண்டுதலும் கிடைக்கிறது. ஆகவே இரண்டாம் வகை நீரிழிவு உடையவரின் குழாய்கள், எந்த மருந்தும் தொடாத நிலையிலேயே, இந்தச் சமநிலையின் விளிம்பில் நிற்கின்றன. அங்கே ஒரு சிறு தள்ளலும் பெரிதாகத் தெரியும்.

மருந்து அந்த விளிம்பைத் தொடும்போது

நம் நோயாளியின் நிலைக்கு மிக நெருங்கிய சான்று டென்மார்க்கில் நடந்து, 2010-இல் வெளியான ஒரு சிறு ஆய்விலிருந்து கிடைக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவு உடைய 24 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்கு 200 மி.கி. மெட்டோப்ரோலால் சக்சினேட்டும், மறு பிரிவுக்கு 50 மி.கி. கார்வெடிலால் என்ற இன்னொரு பீட்டா தடுப்பானும் இரண்டு மாதம் கொடுத்தார்கள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் முன்கையின் இரத்த ஓட்டம் அளக்கப்பட்டது. எண்டோதீலியத்தைத் தூண்டும் செரட்டோனினைத் தமனிக்குள் ஏற்றி ஓட்டம் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தார்கள். பின்னர் ஒரு மணி நேரம் இன்சுலினையும் சேர்த்து ஏற்றி அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள்.

செரட்டோனின் மட்டும் ஏற்றப்பட்டபோது, இரு பிரிவுகளிலும் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வேறுபாடு இல்லை. இன்சுலின் சேர்ந்தபோதுதான் வேறுபாடு வெளிப்பட்டது: மெட்டோப்ரோலால் பிரிவில், சிகிச்சைக்கு முன் இன்சுலின் கூட்டிக்கொடுத்த விரிவு, சிகிச்சைக்குப் பின் காணாமல் போனது. கார்வெடிலால் பிரிவில் அது மாறவில்லை.

இந்த முடிவில் இரண்டு செய்திகளைப் பிரித்து வாசிக்க வேண்டும். முதலாவது, குழாயின் பொதுவான விரிதிறன் கெடவில்லை. இன்சுலின் என்ற குறிப்பிட்ட கட்டளைக்குக் கீழ்ப்படியும் திறனே மங்கியது. ஆகவே இன்சுலினைச் சேர்க்காமல் செய்யப்படும் வழக்கமான எண்டோதீலியச் சோதனை ஒன்று இந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளாமலே கடந்துபோகும். இரண்டாவது, கார்வெடிலால் எதையும் மேம்படுத்தவில்லை. இருந்ததைக் கெடுக்காமல் விட்டது, அவ்வளவே. கார்வெடிலால் இன்சுலின் உணர்வைக் கூட்டும் மருந்து என்பதுபோல் இந்த ஆய்வை மேற்கோள் காட்டுவது மிகை.

ஏன் இந்த வேறுபாடு? மெட்டோப்ரோலால் பீட்டா-1 ஏற்பிகளையே முதன்மையாகத் தடுக்கிறது என்றாலும், அளவு கூடும்போது அந்தத் தேர்வுத்தன்மை குறைகிறது. குழாய்ச்சுவரில் விரிவுக்கு உதவும் பீட்டா-2 ஏற்பிகளும் ஓரளவு தடுக்கப்படுகின்றன. அப்போது சுருக்கும் ஆல்ஃபா-1 ஏற்பிகளின் கை ஓங்குகிறது. கார்வெடிலால் பீட்டா ஏற்பிகளோடு ஆல்ஃபா-1 ஏற்பிகளையும் தடுப்பதால் அந்தச் சுருக்கம் தலையெடுப்பதில்லை. ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் தன்மையும் அதற்கு உண்டு. நம் நோயாளியின் சில்லிட்ட விரல்களுக்கு இந்த விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் டென்மார்க் ஆய்வின் முடிவை இது முழுமையாக விளக்கிவிடாது: நேரடிச் சுருக்கமே காரணம் என்றால், இன்சுலின் இல்லாத சோதனையிலும் அது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே மருந்தின் தாக்கம் இன்சுலினின் சொந்தச் சமிக்ஞைப் பாதையில் ஏதோ ஓரிடத்தில் குறுக்கிடுகிறது என்று கருதுவதற்கு இடமிருக்கிறது. 24 பேரை வைத்து அந்த இடத்தைச் சுட்டிக்காட்ட முடியாது.

பங்கு எவ்வளவு

முன்கையில் ஓட்டத்தை அளப்பது ஒன்று, மாதக்கணக்கில் சர்க்கரை எப்படி நடந்துகொள்கிறது என்பது வேறு. பின்னதற்கு 2004-இல் வெளியான ஜெமினி ஆய்வு உதவுகிறது. இரண்டாம் வகை நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உடைய, ரெனின்–ஆஞ்சியோடென்சின் அமைப்பைத் தடுக்கும் (ராமிப்ரில் போன்ற) மருந்தை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்த 1,235 பேரிடம் கார்வெடிலாலும் மெட்டோப்ரோலால் டார்ட்ரேட்டும் ஒப்பிடப்பட்டன. மெட்டோப்ரோலால் எச்பிஏ1சியை 0.15 விழுக்காட்டுப் புள்ளி உயர்த்தியது. கார்வெடிலாலில் அது நடைமுறையில் அசையவில்லை. மெட்டோப்ரோலால் எடுத்தவர்களின் எடை சராசரியாக 1.2 கிலோ கூடியது. கார்வெடிலால் எடுத்தவர்களிடம் சிறுநீரில் புதிதாக ஆல்புமின் கசிவதும் குறைவாக இருந்தது. ஆல்புமின் கசிவு எண்டோதீலியத்தின் நலத்தைக் காட்டும் அடையாளங்களில் ஒன்று என்பதால் அதுவும் கவனிக்கத்தக்கது.

இங்கேதான் மருந்தின்மேல் பழிபோடும் ஆர்வத்துக்குக் கடிவாளம் இட வேண்டியிருக்கிறது. நம் நோயாளியின் எச்பிஏ1சி 0.9 புள்ளி ஏறியிருக்கிறது. ஜெமினியின் சராசரியை அப்படியே எடுத்துக்கொண்டால், அதில் ஆறில் ஒரு பங்கு மட்டுமே மெட்டோப்ரோலாலால் விளக்கப்படுகிறது. சராசரியைவிட ஒருவரிடம் விளைவு கூடலாம் என்பது உண்மை. 1998-இல் வெளியான பிரிட்டிஷ் யூகேபிடிஎஸ் ஆய்வில், முதல் நான்கு ஆண்டுகளில் அட்டெனலால் என்ற பீட்டா தடுப்பானை எடுத்த பிரிவின் எச்பிஏ1சி 7.5 ஆகவும், ராமிப்ரில் வகையைச் சேர்ந்த காப்டோப்ரிலை எடுத்த பிரிவினுடையது 7.0 ஆகவும் இருந்தது. ஒன்பது ஆண்டுகளில் அட்டெனலால் பிரிவினர் 3.4 கிலோவும் மற்றவர்கள் 1.6 கிலோவும் எடை கூடினார்கள். அப்படியிருந்தும், நீரிழிவின் சிக்கல்களைக் குறைப்பதில் இரு மருந்துகளும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை என்பதே அந்த ஆய்வின் முதன்மை முடிவு. சர்க்கரை எண்ணை மட்டும் பார்த்து ஒரு மருந்தைத் தீயதென முத்திரை குத்துவோருக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

எஞ்சிய பங்கை வேறிடங்களில் தேட வேண்டும். தயசைடு முதல் சந்தேகத்துக்குரியது: பொட்டாசியம் குறையும்போது கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கும் திறன் குறைகிறது, நோயாளியின் பொட்டாசியமோ 3.4. ஸ்டாட்டினுக்கும் ஒரு சிறு பங்கு இருக்கலாம். 2010-இல் 13 ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வில் ஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் புதிதாக நீரிழிவு வரும் வாய்ப்பு 9 விழுக்காடு கூடியிருந்தது. ஆனால் ஸ்டென்ட் பொருத்தியவரிடம் அந்த மருந்தைத் தொடுவது பேச்சுக்கே இடமில்லாதது. மாரடைப்புக்குப் பின் அச்சத்தால் நடமாட்டம் குறைந்ததும், 4 கிலோ எடை கூடியதும் தம் பங்கைச் செலுத்தியிருக்கும். எடைக் கூடுதலில் ஒரு பகுதி பீட்டா தடுப்பானாலும் வந்திருக்கும் என்பதால், காரணங்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடக்கின்றன. ராமிப்ரில் மட்டுமே இந்தப் பட்டியலில் எதிர்த்திசையில் இழுக்கும் மருந்து: ஆஞ்சியோடென்சின் II இன்சுலினின் தளர்த்தும் பாதையைக் குலைக்கக்கூடியது, பிராடிகினினோ நைட்ரிக் ஆக்சைடைத் தூண்டுவது, முன்னதைக் குறைத்துப் பின்னதைக் கூட்டும் இம்மருந்து குழாயின் பக்கம் நிற்கிறது. ஆனாலும் 2006-இல் வெளியான டிரீம் ஆய்வில் ராமிப்ரில் நீரிழிவு வருவதைக் குறிப்பிடத்தக்க அளவில் தடுக்கவில்லை. குழாய் மட்டத்தில் அழகாகத் தோன்றும் ஒரு செயல்முறை, நோயாளி மட்டத்தில் மங்கிப்போகலாம் என்பதற்கு அதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

தீர்மானம்

பீட்டா தடுப்பானை நிறுத்துவது என்ற கேள்வியே எழவில்லை. வெளியேற்ற விகிதம் 38 விழுக்காடு உள்ளவரிடம் அது உயிர் காக்கும் மருந்து. 1999-இல் வெளியான மெரிட்-எச்எஃப் ஆய்வில் இதே மெட்டோப்ரோலால் சக்சினேட், இதயச் செயலிழப்பு உடையவர்களின் இறப்பை 34 விழுக்காடு குறைத்தது. எச்பிஏ1சியில் வரும் 0.15 புள்ளியை இதன் எதிர்த்தட்டில் வைப்பதற்கே இடமில்லை. திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி திரும்பக்கூடும் என்ற ஆபத்து வேறு.

ஆனால் ஒரு பீட்டா தடுப்பானுக்குப் பதிலாக இன்னொன்றைத் தரலாம். மாரடைப்புக்குப் பின் வெளியேற்ற விகிதம் 40 அல்லது அதற்குக் கீழ் உள்ளவர்களிடமே நடத்தப்பட்ட, 2001-இல் வெளியான காப்ரிகார்ன் ஆய்வில் கார்வெடிலால் இறப்பை 23 விழுக்காடு குறைத்தது. இந்த நோயாளிக்கு அந்தச் சான்று நேரடியாகப் பொருந்துகிறது. இதயத்தின் பாதுகாப்பில் எதையும் விட்டுக்கொடுக்காமல் குழாயின் பக்கமும் ஒரு சலுகை கிடைக்குமானால், மாற்றத்தை மறுப்பதற்குக் காரணம் இல்லை. ஆஸ்துமா இல்லை என்பது முதலில் உறுதிசெய்யப்பட்டது. இருந்திருந்தால் கார்வெடிலாலை எடுத்திருக்கவே முடியாது. மெட்டோப்ரோலால் நிறுத்தப்பட்ட மறுநாள் கார்வெடிலால் 12.5 மி.கி. காலையும் மாலையும் உணவோடு தொடங்கப்பட்டு, இரண்டு வாரத்தில் 25 மி.கி.யாக உயர்த்தப்பட்டது. முழு அளவில் தொடங்காததற்குக் காரணம் அதன் ஆல்ஃபா தடுப்பு: எழுந்து நிற்கும்போது அழுத்தம் சரிந்து தலைசுற்றல் வரலாம். தயசைடு அதே நாளில் விலக்கப்பட்டது.

சல்ஃபோனில்யூரியா வேண்டாம் என்பதே இங்கு என் உறுதியான நிலைப்பாடு. அது எடையை மேலும் கூட்டும்; சர்க்கரை அளவுக்கு மீறித் தாழும் ஆபத்தையும் கொண்டுவரும். பீட்டா தடுப்பான் எடுப்பவரிடம் அந்தத் தாழ்வை அறிவிக்கும் படபடப்பும் நடுக்கமும் மறைக்கப்படுகின்றன. வியர்வை மட்டுமே நம்பத்தக்க எச்சரிக்கையாக எஞ்சுகிறது. கார்வெடிலால் பீட்டா-2 ஏற்பிகளையும் தடுப்பதால், இந்த ஒரு விஷயத்தில் அது மெட்டோப்ரோலாலைவிட நல்லது என்று சொல்ல முடியாது. மாறாக, இவருக்கு சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டபாகிளிஃப்ளோசின் 10 மி.கி. கொடுப்பதற்குச் சர்க்கரையைக் கடந்த காரணம் இருக்கிறது: 2019-இன் டபா-எச்எஃப் ஆய்வில், வெளியேற்ற விகிதம் குறைந்தவர்களிடம், நீரிழிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதயச் செயலிழப்பு மோசமடைவதையும் இதயநோய் இறப்பையும் சேர்த்து அது 26 விழுக்காடு குறைத்தது. கார்வெடிலால் முழு அளவை எட்டி, நின்ற நிலையிலும் அழுத்தம் நிலையாக இருப்பது தெரிந்தவுடன் அது சேர்க்கப்பட்டது.

இந்த வரிசையில் ஒரு முரண் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. டபாகிளிஃப்ளோசின் வந்த பிறகு இறங்கும் சர்க்கரையை எந்த மாற்றத்தின் பலன் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வின் தூய்மைக்காக மூன்று மாதம் காத்திருந்து, கார்வெடிலாலின் தனி விளைவை அளந்துவிட்டு அடுத்த மருந்தைத் தொடலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. இதயம் பலவீனமாக இருக்கும் ஒருவரிடம் அந்தக் காத்திருப்பை நியாயப்படுத்த முடியாது என்பதே என் எண்ணம். இடைப்பட்ட சில வாரங்களில் வீட்டிலேயே உணவுக்குப் பிந்தைய அளவைக் குறித்துவரச் சொல்வது ஒரு நடுவழி. அது சான்று ஆகாது, ஆனால் திசையைக் காட்டும்.

தொடர்கவனிப்பில் எதைத் தேடுவது

இது அமைக்கப்பட்ட நிகழ்வு என்பதால், இனிய முடிவொன்றை இங்கே எழுதிச் சேர்ப்பதில் பொருளில்லை. அதைவிட, எந்த முடிவு எதைச் சுட்டும் என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்வது பயனுள்ளது. டபாகிளிஃப்ளோசின் சேரும் முன்பே உணவுக்குப் பிந்தைய அளவு இறங்கத் தொடங்கி, விரல்களின் சில்லிப்பும் தணிந்து, பொட்டாசியம் 4-ஐத் தாண்டியிருந்தால், பீட்டா தடுப்பானும் தயசைடும் சேர்ந்தே பொறுப்பு என்று கொள்ளலாம்; அவற்றுக்கிடையே பங்கு பிரிக்க முயல வேண்டாம். விரல்கள் மட்டும் சரியாகிச் சர்க்கரை அப்படியே நின்றால், குழாயின் சுருக்கம் தீர்ந்தது, ஆனால் சர்க்கரை உயர்வுக்கு அது முதன்மைக் காரணமாக இருக்கவில்லை என்று பொருள்; அப்போது எடையும் நடமாட்டமுமே அடுத்து எடுத்துக்கொள்ளப்பட வேண்டியவை. இரண்டும் மாறாவிட்டால், கணையத்தின் சுரப்பே தேய்ந்துவருகிறதா என்று இன்சுலினோடு சேர்ந்து சுரக்கும் சி-பெப்டைடின் அளவைப் பார்க்க வேண்டும்; ஒன்பது ஆண்டு நீரிழிவில் அது வியப்புக்குரியதன்று.

எச்பிஏ1சியை மூன்று மாதத்துக்கு முன் திரும்ப அளப்பதால் பயனில்லை. சிவப்பணுக்களின் ஆயுள் அதற்கு இடம் தராது. பொட்டாசியத்தை இரண்டு வாரத்தில் பார்க்க வேண்டும். எக்கோ பரிசோதனையும் உரிய இடைவெளியில் திரும்பச் செய்யப்பட வேண்டும். வெளியேற்ற விகிதம் 50-ஐத் தாண்டித் தேறினால், பீட்டா தடுப்பானே இனித் தேவையா என்ற கேள்வியை நோயாளியே எழுப்பக்கூடும். 2024-இல் வெளியான ரெட்யூஸ்-ஏஎம்ஐ ஆய்வு, மாரடைப்பின்போதே இதயச் செயல்பாடு நன்றாக இருந்தவர்களிடம் பீட்டா தடுப்பான் இறப்பையோ மறு மாரடைப்பையோ குறைக்கவில்லை என்று கண்டது. ஆனால் 38-இலிருந்து தேறிவந்தவர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர். அதே ஆண்டின் அபிஸ் ஆய்வில், மாரடைப்புக்குப் பின் நெடுங்காலம் எடுத்துவந்த பீட்டா தடுப்பானை நிறுத்தியவர்கள், தொடர்ந்தவர்களுக்கு இணையான பாதுகாப்பைப் பெற்றதாகக் காட்ட முடியவில்லை. ஆகவே வெளியேற்ற விகிதம் தேறினாலும் கார்வெடிலால் தொடர்வதே இவருக்கு உரிய பதில்.